அலர்ஜி குழந்தையின் ஃபார்முலாவுக்கு அமெரிக்க இன்சூரன்ஸில் பணம் பெறுவது எப்படி?

என் மகனுக்கு ஏழு வாரமானபோது டயப்பரில் முதல் தடவையாக இரத்தம் பார்த்தோம். அதற்கு முன்பே பால் குடித்ததும் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழுவான், கன்னமெல்லாம் கரப்பான். பிரசவத்துக்கு ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "செரிக்கலை, அவ்வளவுதான். உரை மருந்து கொடுத்தா சரியாயிடும்" என்றார். பசும்பால் புரதம் இவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் சொன்னார். முதலில் கொடுத்த ஃபார்முலாவுக்கும் (குழந்தைகளுக்கான பால்மாவு) இரத்தம் நிற்கவில்லை. இரண்டாவதாகக் கொடுத்ததில் பத்தே நாளில் நின்றது. அந்த டப்பா ஒன்று கிட்டத்தட்ட 50 டாலர். மூன்றரை நாளில் தீர்ந்துவிடும்.

இன்சூரன்ஸ் கொடுக்கும் என்று நினைத்தோம். கொடுக்கவில்லை. கொடுக்க வைப்பதற்கு நான்கு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் எங்களுக்கு விஷயம் தெரியாததால் வீணான நாட்கள். நாங்கள் இருப்பது நியூஜெர்சியில், எடிசன் பக்கம். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அலர்ஜிக் குழந்தைகளுக்கான ஃபார்முலாவில் இரண்டு படி உண்டு. முதல் படியில் பால் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்திருப்பார்கள்: நியூட்ராமிஜென், அலிமெண்டம் போன்றவை. இவை சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும். அது போதாத குழந்தைகளுக்கு இரண்டாம் படி. இதில் முழுப் புரதமே இருக்காது, அமினோ அமிலங்கள் மட்டும்தான்: நியோகேட், எலிகேர், ப்யூர்அமினோ, அல்ஃபமினோ. விலை எகிறுவதும் இன்சூரன்ஸ் சண்டை தொடங்குவதும் பெரும்பாலும் இந்த இரண்டாம் படியில்தான்.

1. குழந்தை பிறந்த முதல் 30 நாள்: எந்த பிளானில் சேர்ப்பது

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ப்ரீமியம் குறைவான பிளானில் குழந்தையைச் சேர்ப்பது வழக்கம். நாங்களும் அப்படித்தான் என் கணவரின் கம்பெனி பிளானில் சேர்த்தோம். என் பிளானில் சேர்த்திருந்தால் பாதிச் சண்டை இருந்திருக்காது என்பது ஐந்தாவது மாதத்தில்தான் தெரிந்தது. ஏன் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

வேலை வழியாக வரும் பிளான் என்றால், குழந்தை பிறந்ததிலிருந்து குறைந்தது 30 நாள் அவகாசம் தருவார்கள். அதற்குள் சேர்த்துவிட்டால் பிறந்த நாளிலிருந்தே கவரேஜ் கணக்காகும். மார்க்கெட்பிளேஸில் (தனிநபர்கள் நேரடியாக வாங்கும் அரசு இன்சூரன்ஸ் சந்தை) வாங்கிய பிளான் என்றால் 60 நாள். இதைத் தவறவிட்டால், வேறு காரணம் எதுவும் அமையாத பட்சத்தில் அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட் (வருடத்துக்கு ஒருமுறை பிளானில் சேரவோ மாறவோ விடும் காலம்) வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பலர் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வரட்டும் என்று காத்திருந்து இந்த நாளைக் கோட்டை விடுகிறார்கள். அந்த நம்பர் தபாலில் வர வாரக்கணக்காகும். நம்பர் இல்லாமலே முதலில் சேருங்கள், வந்ததும் எச்ஆரிடம் கொடுத்துக்கொள்ளலாம்.

மூத்த குழந்தைக்கு ஏற்கெனவே பால் அலர்ஜி இருந்தால், இரண்டாவது பிறப்பதற்கு முன்பே இரண்டு பிளானையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சேர்க்கலாம்தான். ஆனால் வழக்கமான விதிப்படி, காலண்டரில் யாருடைய பிறந்தநாள் முன்னால் வருகிறதோ அவருடைய பிளான்தான் முதலில் பணம் கொடுக்க வேண்டியது. மற்றது அதற்குப் பிறகுதான் பார்க்கும்.

2. உங்கள் பிளான் எந்த வகை?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கார்டில் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். ஆனால் உங்கள் மருத்துவச் செலவை அந்தக் கம்பெனிதான் கொடுக்கிறது என்று சொல்ல முடியாது. பெரிய கம்பெனிகள் பலவற்றில் வேலை கொடுத்தவரே தன் பணத்திலிருந்து க்ளெய்ம் கொடுக்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனி கணக்குப்பிள்ளை வேலை மட்டும் பார்க்கிறது. இதை செல்ஃப் ஃபண்டட் என்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியே பொறுப்பேற்றுப் பணம் கொடுப்பது ஃபுல்லி இன்ஷூர்டு. சிறிய கம்பெனிகளில் பெரும்பாலும் இதுதான்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? சில மாநிலங்களில் இந்த ஃபார்முலாவை இன்சூரன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் ஃபுல்லி இன்ஷூர்டு பிளான்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். செல்ஃப் ஃபண்டட் பிளான்கள் எரிசா என்ற 1974ஆம் வருடத்து மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால், மாநிலச் சட்டம் அவற்றைத் தொடாது. என் கணவரின் பிளான் செல்ஃப் ஃபண்டட். நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனியின் பிளான் ஃபுல்லி இன்ஷூர்டு. நியூஜெர்சி சட்டத்தைக் காட்டி நான் எழுதிய முதல் அப்பீல் ஒரே வரியில் திரும்பி வந்ததற்குக் காரணம் இதுதான்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் வேறு. நியூஜெர்சியில், பல உணவுப் புரதங்கள் ஒத்துக்கொள்ளாத குழந்தை என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். சோயா, ஆட்டுப்பால் போன்ற பசும்பால் அல்லாத சாதாரண ஃபார்முலாக்களும் சரிவரவில்லை என்று பதிவு இருக்க வேண்டும். டெக்சாஸில் இன்சூரன்ஸ் கோடின் 1377ஆம் அத்தியாயம் அமினோ அமில ஃபார்முலாவுக்கென்றே இருக்கிறது. பல புரதங்களுக்கான அலர்ஜி, எஃப்பைஸ் என்ற கடுமையான குடல் எதிர்வினை இரண்டுமே அதில் அடங்கும். இல்லினாயில் இயோசினோஃபிலிக் நோய்களையும் (ஒருவகை வெள்ளணுக்கள் சேர்வதால் வரும் அழற்சி) குட்டைக் குடல் நோயையும்தான் சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆக "எங்க ஸ்டேட்ல சட்டம் இருக்கு" என்று நண்பர் சொன்னால், உங்கள் குழந்தையின் நோய்ப் பெயர் அதில் இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள்.

கன்சல்டிங் கம்பெனியில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். குடியிருப்பது நியூஜெர்சியாக இருக்கலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ இருக்கலாம். பொதுவாக பாலிசி எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டதோ அந்த மாநிலச் சட்டம்தான் பேசும்.

எச்ஆருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டே கேள்வி: நம் பிளான் செல்ஃப் ஃபண்டடா, ஃபுல்லி இன்ஷூர்டா? பாலிசி வழங்கப்பட்ட மாநிலம் எது? அதோடு சம்மரி பிளான் டிஸ்கிரிப்ஷன் என்ற முழு ஆவணத்தையும் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது எரிசா விதி. நாலு பக்கச் சுருக்கத்தை அனுப்பிவிட்டு "இதுதான்" என்பார்கள். அது போதாது. நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும் பெரிய ஆவணம்தான் வேண்டும். அதில் "என்டரல்" (குடல்வழி ஊட்டம்), "ஃபார்முலா", "நியூட்ரிஷன்", "மெடிக்கல் ஃபுட்" என்ற சொற்களைத் தேடுங்கள். எது கிடைக்கும் என்ற பகுதியையும் எது கிடைக்காது என்ற பகுதியையும் சேர்த்தே பாருங்கள். எங்கள் பிளானில் கிடைக்கும் பகுதியில் "என்டரல் நியூட்ரிஷன்" இருந்தது. இருபது பக்கம் தள்ளி, கிடைக்காத பகுதியில் "வாய்வழி எடுக்கும் உணவுப் பொருட்கள்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் எங்களைச் சாய்த்தது.

3. முதல் நாளிலிருந்தே பதிவு

இன்சூரன்ஸ்காரர் உங்கள் குழந்தை அழுவதைப் பார்க்கப் போவதில்லை. மருத்துவரின் குறிப்பில் இருப்பதைத்தான் பார்ப்பார். நீங்கள் மருத்துவரிடம் வாயால் சொன்னது குறிப்பில் ஏறவில்லை என்றால் அது நடக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

ஒரு நோட்டோ போனில் ஒரு பக்கமோ போதும். தேதி, எந்த ஃபார்முலா, எத்தனை அவுன்ஸ், வாந்தி, மலம், தடிப்பு, தூக்கம். டயப்பரில் இரத்தம் இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரின் போர்ட்டல் வழியே அனுப்பியும் வையுங்கள். போர்ட்டலில் போனால் அது தேதியோடு பதிவாகிவிடும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்ற பரிசோதனை எளிது, க்ளினிக்கிலேயே செய்வார்கள். அதன் முடிவைக் கேட்டு வாங்குங்கள். எடை வரைபடத்தையும்.

அம்மா பாலே கொடுப்பவராக இருந்தால், சில மருத்துவர்கள் முதலில் அம்மாவின் சாப்பாட்டிலிருந்து பாலை நிறுத்தச் சொல்வார்கள். நம் வீடுகளில் பாலை நிறுத்துகிறோம் என்று காபியை மட்டும் விட்டுவிட்டு, மோரும் நெய்யும் பன்னீரும் தொடரும். அப்படிச் செய்தால் அந்தச் சோதனையே வீண். நிறுத்தினால் முழுதாக நிறுத்தி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதி வையுங்கள்.

அடுத்து, முதல் படி ஃபார்முலாவைக் கொடுத்துப் பார்த்த விவரம். இரண்டாம் படிக்குப் பணம் கொடுக்கும் முன் இதை அநேகமாக எல்லா இன்சூரன்ஸும் கேட்கிறது. எத்தனை நாள் கொடுத்தோம், என்ன ஆனது, யார் நிறுத்தச் சொன்னார்? நாங்கள் பதினெட்டு நாள் கொடுத்தோம். ஆனால் மருத்துவர் குறிப்பில் "சில நாட்கள்" என்றுதான் இருந்தது. அதைத் திருத்தி வாங்கவே இரண்டு வாரம் போனது.

ஊரிலிருந்து வரும் யோசனைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டுப்பால் கொடு, ஏ2 பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடு, உரை மருந்து கொடு என்று அன்பாகத்தான் சொல்வார்கள். ஆட்டுப்பால் புரதம் பசும்பால் புரதத்தை ஒத்தது. பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு அதுவும் ஆகாது. மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். நியூஜெர்சி சட்டம் சொல்லும் சோயா, ஆட்டுப்பால் விஷயமும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. உங்கள் குழந்தைக்கு அதைக் கொடுத்துப் பார்ப்பதே ஆபத்து என்றால் அந்தக் காரணத்தை அவர் கடிதத்தில் எழுதட்டும். சட்டத்துக்காகக் குழந்தையைச் சோதிக்க வேண்டாம்.

4. இன்சூரன்ஸுக்கு ஒரு போன்

"ஃபார்முலா கவர் ஆகுமா?" என்று கேட்டால் "ஆகாது" என்றுதான் பதில் வரும். எதிர்முனையில் இருப்பவர் கடையில் விற்கும் சாதாரண டப்பாவை நினைத்துக்கொண்டு பேசுவார். கோட் சொல்லிக் கேளுங்கள்.

உடைத்த புரதம், அமினோ அமிலம் இரண்டு வகைக் குழந்தை ஃபார்முலாவுக்கும் பில்லிங் கோட் பி4161 (ஆங்கிலத்தில் B4161). ட்யூப் இல்லாமல் வாயால் குடிக்கும் குழந்தை என்றால் அதோடு பிஓ (BO) என்ற இரண்டெழுத்து சேரும். இந்தக் கோடின் விவரணையிலேயே ட்யூப் வழி என்று இருப்பதால், பிஓ போடாமல் அனுப்பினால் குழப்பம் வரும். போட்டு அனுப்பினால் "வாய்வழி என்றால் கிடையாது" என்று சில பிளான்கள் சொல்லும். அதனால்தான் முன்கூட்டியே கேட்பது.

கேட்க வேண்டியவை: பி4161 பிஓவுடன் என் பிளானில் உண்டா? எந்தெந்த நோய்க் கோடுக்கு உண்டு? ப்ரையர் ஆதரைசேஷன் (முன் அனுமதி) தேவையா, தேவை என்றால் யார் அனுப்ப வேண்டும்? இது மெடிக்கல் பகுதியில் வருமா, மருந்துக் கடைப் பகுதியில் வருமா? நெட்வொர்க்கில் இருக்கும் (பிளானோடு ஒப்பந்தம் உள்ள) சப்ளையர்கள் யார்? டிடக்டிபிள் (பிளான் பணம் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) போக நான் எத்தனை சதவீதம் கொடுக்க வேண்டும்? இதற்கென்று எழுதி வைத்த மருத்துவக் கொள்கை இருந்தால் அதன் எண் என்ன?

பேசியவரின் பெயர், தேதி, நேரம், அழைப்புக்கான ரெஃபரன்ஸ் நம்பர் நான்கையும் எழுதி வையுங்கள். எனக்கு மூன்று அழைப்பில் மூன்று விதமான பதில் கிடைத்தது. அப்பீலில் அந்த மூன்றையும் தேதியோடு எழுதினேன்.

5. மருத்துவரின் கடிதம்

லெட்டர் ஆஃப் மெடிக்கல் நெசசிட்டி என்பார்கள். குழந்தை மருத்துவர் எழுதலாம். குடல் நிபுணரோ அலர்ஜி நிபுணரோ எழுதினால் எடை கூடும். நிபுணரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரங்கள் ஆகும் என்பதால், சந்தேகம் வந்த நாளிலேயே போன் செய்து வரிசையில் நில்லுங்கள். யாராவது ரத்து செய்தால் கூப்பிடும் பட்டியலிலும் பெயர் கொடுங்கள்.

க்ளினிக்கில் ஒரு டெம்ப்ளேட் வைத்திருப்பார்கள். பெயரை மாற்றி நாலு வரியில் அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு முதலில் போனது அப்படிப்பட்ட கடிதம்தான். மருத்துவருக்கு நேரமில்லை. அதனால் விவரங்களை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதி நர்ஸிடம் கொடுங்கள், நன்றியோடு வாங்கிக்கொள்வார்கள். அதில் இவை இருக்க வேண்டும்:

குழந்தையின் பெயர், பிறந்த தேதி, மெம்பர் ஐடி. நோயின் பெயரும் அதற்கான ஐசிடி-10 என்ற நோய்க் கோடும் (எஃப்பைஸுக்கு கே52.21, இயோசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ் என்ற உணவுக்குழாய் அழற்சிக்கு கே20.0, உங்கள் குழந்தைக்கு எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்). அறிகுறிகள், தேதியோடு. முன்பு கொடுத்த ஒவ்வொரு ஃபார்முலாவும், எத்தனை நாள், என்ன விளைவு. எடையும், அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்ட சதவீத வரிசையும் (பெர்சென்டைல்). இப்போதைய ஃபார்முலாவின் பெயர், அதற்குப் பிறகு ஏற்பட்ட முன்னேற்றம். ஒரு நாளைக்கு எத்தனை கலோரி. எத்தனை மாதத்துக்கு. கொடுக்காவிட்டால் என்ன ஆகும்.

"குழந்தையின் ஒரே உணவு இதுதான்" என்ற வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். பல பிளான்களில் அதுதான் நிபந்தனை. ஆறு மாதத்தில் சாதமும் பருப்பும் ஆரம்பித்த பிறகு புதுப்பிக்கும் கடிதத்தில், "பெரும்பகுதி ஊட்டம் இன்னும் இதிலிருந்துதான்" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

கலோரி கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், இதில் தப்பு அதிகம் நடக்கிறது. பி4161இல் 100 கலோரி ஒரு யூனிட். நாளுக்கு 27 அவுன்ஸ் குடிக்கும் குழந்தை, அவுன்ஸுக்கு 20 கலோரி என்றால் 540 கலோரி, அதாவது 5.4 யூனிட். முப்பது நாளுக்கு 162 யூனிட். 400 கிராம் டப்பா ஒன்றில் ஏறக்குறைய 1,900 கலோரி இருக்கும், ஆக மாதம் எட்டரை டப்பா. "மாதம் நாலு டப்பா" என்று யாராவது அவசரத்தில் எழுதிவிட்டால் பாதி மாதத்துக்கு மேல் கைக்காசுதான். குழந்தை வளர வளரக் குடிப்பதும் கூடும். அடுத்த இரண்டு மாதத்தையும் நினைத்துக் கொஞ்சம் கூட்டி எழுதச் சொல்லுங்கள்.

பிரிஸ்கிரிப்ஷனில் ஒரே பிராண்டை மட்டும் எழுதாமல், மருத்துவர் சம்மதித்தால் மாற்று பிராண்டையும் எழுதி வாங்குங்கள். 2022 பிப்ரவரியில் அபட் கம்பெனியின் மிச்சிகன் ஆலைப் பொருட்கள் திரும்பப் பெறப்பட்டபோது எலிகேரும் அதில் போனது. மாற்று பிராண்ட் இல்லாத பிரிஸ்கிரிப்ஷனோடு அந்த மாதிரி நேரத்தில் புது ஆதரைசேஷன் வாங்குவது மிகவும் கஷ்டம்.

6. சப்ளையர்

இன்சூரன்ஸ் வழியாக வரும் ஃபார்முலா சாதாரணக் கடையில் கிடைக்காது. பெரும்பாலும் வீட்டு மருத்துவ உபகரணம் அனுப்பும் டிஎம்இ கம்பெனிதான் அனுப்பும். மருத்துவர் அவர்களுக்கு ஆர்டர் அனுப்ப வேண்டும், அவர்கள் இன்சூரன்ஸிடம் ஆதரைசேஷன் கேட்க வேண்டும். மூன்று பேரும் "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்பார்கள். ஃபேக்ஸ் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும். வாரத்துக்கு இரண்டு முறை மூவரையும் கூப்பிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முதல் டப்பா அனுப்பச் சொல்லும் முன் விலை கேளுங்கள். சப்ளையர் இன்சூரன்ஸுக்குப் போடும் விலை கடை விலையைவிட அதிகமாக இருக்கலாம். டிடக்டிபிள் இன்னும் தீராதவர்களுக்கு அந்த அதிக விலை முழுதும் அவர்கள் தலையில்தான். அப்படி என்றால் டிடக்டிபிள் தீரும் வரை வெளியில் வாங்குவது மேலா என்று கணக்குப் பாருங்கள். பிரசவ வருடத்தில் குடும்ப டிடக்டிபிள் ஆஸ்பத்திரி பில்லிலேயே தீர்ந்திருக்கும். பெரும்பாலான பிளான்களில் ஜனவரி 1 அன்று அது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் டிசம்பர் மாத ஷிப்மென்ட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

7. மறுத்தால்

மறுப்பு வருவது சாதாரணம். பயப்பட வேண்டாம், ஆனால் கடிதத்தை நன்றாக வாசியுங்கள். மறுப்பு இரண்டு வகை, இரண்டுக்கும் வழி வேறு.

ஒன்று, "மருத்துவரீதியாகத் தேவை என்று நிரூபிக்கவில்லை" என்பது. இதற்கு முதலில் உங்கள் மருத்துவரை இன்சூரன்ஸின் மருத்துவரோடு நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். பியர் டு பியர் என்பார்கள். இதற்கு அவர்கள் தரும் அவகாசம் சில நாட்களே இருக்கும். அதில் முடியவில்லை என்றால் அப்பீல். மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து 180 நாள் உண்டு. இனிமேல் வாங்கப் போகும் பொருளுக்கு 30 நாளில் பதில் தர வேண்டும், வாங்கி முடித்ததற்கு 60 நாளில். தாமதித்தால் குழந்தையின் உடல்நிலைக்கு ஆபத்து என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்தில். எடை ஏறாத குழந்தைக்கு இந்த அவசர அப்பீலைக் கேட்கத் தயங்காதீர்கள்.

அப்பீல் எழுதும் முன் உங்கள் க்ளெய்ம் ஃபைல் முழுவதையும் கேளுங்கள், இலவசமாகத் தர வேண்டும். எங்கள் ஃபைலில் பார்த்தபோதுதான் தெரிந்தது, குடல் நிபுணரின் குறிப்பே அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அப்பீலிலும் மறுத்தால், வெளியிலிருக்கும் சுயேச்சையான மருத்துவர் பார்க்கும் எக்ஸ்டர்னல் ரிவ்யூ. கேட்பதற்கு நான்கு மாத அவகாசம், பதிலுக்கு 45 நாள். நியூஜெர்சியில் ஃபுல்லி இன்ஷூர்டு பிளான் என்றால் பேங்கிங் அண்ட் இன்சூரன்ஸ் துறை இதை நடத்துகிறது. அவர்கள் சொல்வது இன்சூரன்ஸைக் கட்டுப்படுத்தும்.

இரண்டாவது வகை மறுப்பு, "இது உங்கள் பிளானிலேயே இல்லை" என்பது. இங்கே மருத்துவக் காரணத்தை எத்தனை பக்கம் எழுதினாலும் அசையாது. எக்ஸ்டர்னல் ரிவ்யூவும் பெரும்பாலும் எடுபடாது, ஏனென்றால் அது மருத்துவ முடிவுகளைத்தான் பார்க்கும். ஃபுல்லி இன்ஷூர்டு பிளானாக இருந்து மாநிலச் சட்டம் உங்கள் பக்கம் இருந்தால், சட்டத்தைக் குறிப்பிட்டு அப்பீல் எழுதி, மாநில இன்சூரன்ஸ் துறையிலும் புகார் கொடுங்கள்.

செல்ஃப் ஃபண்டட் என்றால் எச்ஆரிடம் போங்கள். எங்களுக்குக் கதவு திறந்தது அங்கேதான். பணம் கொடுப்பது கம்பெனி என்பதால், ஒரு குழந்தைக்கு விதிவிலக்கு தரவோ பிளானையே திருத்தவோ கம்பெனியால் முடியும். என் கணவர் முதலில் கூச்சப்பட்டார். விசா நேரத்தில் கம்பெனியிடம் போய் நிற்பதா என்று. நம்மில் பலருக்கும் இந்தத் தயக்கம் இருக்கும். நீங்கள் கேட்பது சலுகைப் பணமில்லை, உங்கள் வேலையோடு சேர்ந்து வரும் பலன். இரண்டு பக்கத்தில் எழுதினோம்: மருத்துவரின் கடிதம், மாதச் செலவு, எத்தனை மாதத்துக்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிளானுக்கு ஆகக்கூடிய செலவு. மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று தெரிந்தும், "நம் மாநிலத்தில் மற்ற பிளான்கள் இதைக் கொடுக்கின்றன" என்று ஒரு வரி சேர்த்தோம். மூன்று வாரத்தில் சம்மதித்தார்கள். முந்தைய இரண்டு மாத ரசீதுக்கும் பணம் வந்தது.

எரிசா பிளான் பற்றிச் சந்தேகம் என்றால் மத்தியத் தொழிலாளர் துறையின் எப்சா பிரிவு இலவசமாக உதவும். எண் 1-866-444-3272. நான் பேசினேன், பொறுமையாக விளக்கினார்கள்.

8. காத்திருக்கும் காலத்தில்

எங்கள் கணக்கில் மாதம் 425 டாலர் போல ஆனது. ஒவ்வொரு ரசீதையும் படம் எடுத்து வையுங்கள். டப்பாவின் பெயர் ரசீதில் தெளிவாக இல்லை என்றால் டப்பாவோடு சேர்த்து எடுங்கள்.

மருத்துவரிடம் சாம்பிள் கேளுங்கள். குடல் நிபுணரின் க்ளினிக்கில் பெரும்பாலும் இருக்கும். நாங்கள் கேட்கும் வரை யாரும் சொல்லவில்லை, கேட்டதும் நாலு டப்பா கொடுத்தார்கள். ஃபார்முலா கம்பெனிகளும் இன்சூரன்ஸ் விசாரித்துத் தர ஆள் வைத்திருக்கிறார்கள், டப்பாவில் இருக்கும் எண்ணைக் கூப்பிடலாம்.

எஃப்எஸ்ஏ அல்லது எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்காக வரியில்லாமல் ஒதுக்கி வைக்கும் கணக்குகள்) பணத்தையும் பயன்படுத்தலாம், மருத்துவரின் கடிதம் வேண்டும். ஆனால் சாதாரண ஃபார்முலாவுக்கு எப்படியும் ஆகும் செலவைக் கழித்து, அதற்கு மேலான தொகைக்குத்தான் வருமான வரி விதி இடம் கொடுக்கிறது.

வருமானம் குறைவு என்றால், குறிப்பாக மாணவர்களும் ஒரே சம்பளத்தில் இருப்பவர்களும், தாய்மார்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் உணவு தரும் அரசின் விக் (WIC) திட்டத்தைப் பாருங்கள். வறுமைக்கோட்டு அளவில் 185 சதவீதம் வரை தகுதி, மருத்துவரின் படிவம் இருந்தால் ஸ்பெஷல் ஃபார்முலாவும் தருவார்கள். நியூஜெர்சி ஃபேமிலிகேர் என்ற அரசு இன்சூரன்ஸ் குழந்தைகளுக்கு 355 சதவீதம் வரை போகிறது, "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று தள்ளிவிடும் முன் கணக்குப் போடுங்கள். மெடிக்கெய்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மருத்துவரீதியாகத் தேவையானதைக் கொடுக்க வேண்டும் என்பது மத்திய விதி. கிரீன் கார்டுக்கு இது பாதிக்குமோ என்ற பயம் இருந்தால் வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

இரண்டு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். டப்பா தீர்ந்துபோகிறதே என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்காதீர்கள். குழந்தையின் உடலில் உப்பு குறைந்து வலிப்பு வரை போகும். தெரியாதவர்களிடம் பாதி விலைக்கு வாங்கும்போது காலாவதித் தேதியும் சீலும் பார்க்காமல் வாங்காதீர்கள். திறந்த டப்பாவை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

9. ஒப்புதல் வந்த பிறகு

ஆதரைசேஷனில் முடியும் தேதி இருக்கும், பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ. முடிவதற்கு ஆறு வாரம் முன்பே காலண்டரில் குறித்து, புதுக் கடிதத்துக்கு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வேலை மாறினாலோ பிளான் மாறினாலோ எல்லாம் முதலிலிருந்து. நாங்கள் ஓப்பன் என்ரோல்மென்ட்டில் மகனை என் பிளானுக்கு மாற்றினோம். பழைய கடிதங்களை அப்படியே வைத்திருந்ததால், இந்த முறை பதினோரு நாளில் முடிந்தது.

ஒரு வயதுக்குப் பிறகும் தேவைப்பட்டால் பெரிய குழந்தைகளுக்கான வகைக்கு மாற்றுவார்கள். பெயர் மாறினால் ஆர்டரும் மாற வேண்டும், அதற்கும் கூடுதலாக ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஷிப்மென்ட்டை மாதக் கடைசிக்கு விடாமல், கையில் ஐந்து டப்பா இருக்கும்போதே அடுத்ததைக் கேட்டுவிடுங்கள். பனிக்காலத்தில் எங்களுக்கு ஒரு தடவை லாரி நான்கு நாள் தாமதம். அன்று வீட்டில் இருந்தது ஒன்றரை டப்பா.